குப்பி டீச்சரும் குனிந்த சர்க்காரும்

திருவனந்தபுரத்தில் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருமிய எவரும் குப்பி டீச்சரிடமிருந்து தப்பியதில்லை. இருமல் சத்தம் கேட்ட மறுநிமிடம் கதவருகே வந்து நிற்பார். "மருந்து வாங்கியாச்சா? குப்பி என்ன நிறம்?" இதுதான் அவருடைய நலம் விசாரிப்பு. பழுப்பு என்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார். பச்சை என்றால் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவார். நீலம் என்றால், நோயாளி குணமாகும்வரை, அதாவது குப்பி காலியாகும்வரை, கட்டிலை விட்டு அகலமாட்டார். மருந்தை வேளை தவறாமல் ஊற்றிக் கொடுப்பார். அளவுதான் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

தைக்காட்டில் வேலைபார்க்கும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றில் நாங்கள் இருந்தோம். நான் நாகர்கோவிலிலிருந்து செக்ரட்டேரியட்டுக்கு டைப்பிஸ்ட்டாக வந்தவள். குப்பி டீச்சர் விளவங்கோடு பக்கம். ஒரு பெண்கள் பள்ளியில் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். "குப்பி டீச்சர்" என்றால்தான் "என்னட்டீ?" என்பார்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூஜாடியும் வரையச் சொல்லிவிட்டு வந்தால், மிச்சப் பொழுதெல்லாம் அவருடைய அறையில் கண்ணாடி மணி வார்ப்புதான். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று, அதன் சுடரை ஊதிக் கூர்மையாக்க ஒரு குழல், குழலுக்குக் காற்றுக் கொடுக்கக் காலால் மிதிக்கும் துருத்தி. உடைந்த குப்பித் துண்டை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுவார். அது முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு கனிந்து கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபடும். களிமண் பூசிய சைக்கிள் கம்பியில் அதைச் சுற்றி, உருட்டி, சூடான சாம்பல் சட்டிக்குள் புதைப்பார். மெல்ல ஆறினால் மணி. அவசரப்பட்டால் தூள். வேறு வேறு குப்பிகளின் கண்ணாடியைச் சேர்த்துச் செய்த மணி சில சமயம் ஆறியபிறகும் மனம் ஒப்பாமல் 'டிக்' என்று இரண்டாகப் பிளக்கும். "ஜாதகம் பொருந்தல்ல, பிரிஞ்சிட்டுது" என்று அதை ஓரமாக ஒதுக்கிவைப்பார்.

அந்தத் துருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது அவருடைய அப்பா உபதேசியாராக இருந்த கிராமத்து வேதக்கோயிலின் பழைய கால் ஆர்மோனியத்திலிருந்து பிடுங்கியது. பிடுங்கும்போது ஒரு ஸ்வரத்தை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்களோ, வேண்டுமென்றே விட்டார்களோ, டீச்சர் மிதிக்கத் தொடங்கினால் ஹாஸ்டல் முழுக்க "ஙேஏஏ" என்று ஒற்றை ராகம். பக்கத்து அறையில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சரஸ்வதிக்குச் சங்கீத ஞானம் உண்டு. "டீச்சர், வேற ஸ்வரமாவது வைங்கோளேன், தலை வெடிக்கு" என்று கெஞ்சுவாள். "வேற ஸ்வரம் வச்சா எனக்க கை ஆடும்ட்டீ. இதான் வேலைக்குப் பொருத்தம்."

எங்கள் வார்டனுக்கு இது எதுவும் பொறுக்கவில்லை. வார்டன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மலையாளக் கிறிஸ்தவர், ஆகிருதியான பெண்மணி. எல்லோரும் "கொச்சம்மா" என்போம். கண்டிக்கும்போது எங்களுக்குப் புரியவேண்டுமே என்று தமிழும் மலையாளமும் சரிபாதியாகக் கலந்து தருவார்.

"டீச்சரே, இது ஹாஸ்டலோ கொல்லப்பட்டறையோ? என்னோட நீலப் பன்னீர்க்குப்பி எவிடே?"

"பன்னீர் பத்திரமாட்டு செம்பில மூடி வச்சிருக்கேன், கொச்சம்மா. குப்பி மட்டுந்தான் இல்ல."

மணி செய்வதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவற்றைக் கோத்து நகை செய்வதில்தான் டீச்சரின் மூளை பூரணமாகத் திறந்துகொண்டது. நீல மணிக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, அதற்குப் பக்கத்தில் கைக்கடிகாரப் பல்சக்கரம், அதற்கும் பக்கத்தில் அன்று மதியம் குழம்பில் வந்த அயிலை மீனின் முதுகெலும்பு வட்டம். குடைக்கம்பியை வளைத்து வளையல் செய்வார். எங்கள் ஆபீசில் கழித்துப்போட்ட டைப்ரைட்டரின் எழுத்துப் பித்தான்கள் எல்லாம் ஒருநாள் ஆரமாக மாறின. அவருடைய தட்டில் மீன் முள் மிஞ்சாது. எங்கள் தட்டுகளையும் அவர் நோட்டம் விடுவதால் எங்களுக்கு நிம்மதியாகச் சாப்பாடும் இறங்காது.

அந்த ஊரில் நகை என்றால் தங்கம். தங்கமில்லாத கழுத்தைப் பார்த்தால் மனிதர்கள் துக்கம் விசாரிப்பார்கள். கல்யாண வீடுகளில் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்த்து, எடையை ஊகித்து, அதன்பிறகே சாப்பிட உட்காருவார்கள். டீச்சர் அத்தகைய ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, "ஒவ்வொருத்தியும் பாங்கைத் தூக்கிக் கழுத்துல மாட்டியிருக்கா. நடக்க முடியல்ல பாவம்" என்று அனுதாபப்பட்டார்.

இப்படித் தங்கத்தை இகழ்பவரை அவர் குடும்பமாவது மெச்சியதா என்றால், அதுவும் இல்லை. அவர்கள் வீட்டில் நகை என்ற சொல்லே பாவம். அம்மாவின் காதில் துளைகூடக் கிடையாது. உபதேசியார் அப்பா, ஆபரண மோகம் அழிவுக்கு வழி என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்பவர். ஆக, ஊர் அவரைத் தங்கம் போடாததற்காக ஏசியது. வீடு மணி செய்ததற்காக ஏசியது. டீச்சர் இரண்டு கட்சிக்கும் நடுவே உட்கார்ந்து துருத்தியை மிதித்துக்கொண்டிருந்தார்.

வார்டன் எப்படியோ விலாசம் கண்டுபிடித்து அந்த அப்பாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். வெள்ளை ஜிப்பாவும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக உபதேசியார் வந்து இறங்கினார். ஹாஸ்டல் முன்கூடத்தில் விசாரணை. வார்டன் வெற்றிப் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நாங்கள் கதவிடுக்கில்.

"நான் ஊரு ஊராட்டுப் போயி நகை வேண்டாம்னு சொல்லுதேன். எனக்க மகளே நகை செய்யா. எனக்கு வெளியே தலை காட்ட முடியுமா மக்ளே?"

"இது நகை இல்ல அப்பா. குப்பி."

"குப்பியக் கழுத்துல போட்டா அது நகைதானே?"

"அப்போ நீங்க கண்ணாடிய மூக்குல போட்டிருக்கியளே?"

"அது பாக்கதுக்கு."

"இதுவும் பாக்கதுக்குத்தான், அப்பா."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். பால் விடாத சுலைமானி டீ ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு எதுவும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். வார்டனுக்கு ஒரே ஆனந்தம். மனம் நொந்து போகிறார், இனி மகளை அழைத்துக்கொள்வார் என்று. அடுத்த மாதம் அதே உபதேசியார் தோளில் ஒரு சாக்குமூட்டையோடு வந்தார். இறக்கிவைத்தபோது கலகலவென்று சத்தம். கோயில் திருவிருந்தின் திராட்சைரசக் குப்பிகள், கரும்பச்சை.

"பாவந்தான். ஆனா சும்மா கிடந்து உடையுது பாரு" என்றார், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

குப்பிக்காக டீச்சர் எங்கேயும் போவார். பொன்முடியில் தேயிலை எஸ்டேட் துரையின் மனைவி யார் மூலமோ கேள்விப்பட்டு ஒரு மாலை கேட்டிருந்தாள். டீச்சர் மாலையை எடுத்துக்கொண்டு மலையேறினார். துணைக்கு நான். துரைசானிக்கு மாலை மிகவும் பிடித்துவிட்டது. விருந்தாளிகளுக்கும் கொடுக்கவேண்டும், அச்சாக அதே மாதிரி ஒரு டஜன் வேண்டும் என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒரே மாதிரி வேணும்னா பட்டன் வாங்கிக்கிடச் சொல்லு" என்றார் டீச்சர்.

நான் அதை வேறு மாதிரி மொழிபெயர்த்தேன். எப்படிச் சொல்லியும் துரைசானியின் முகம் வாடிவிட்டது. ஆனால் டீச்சர் அப்போது ஜன்னல் வழியாகப் பங்களாவின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துரை வருஷக்கணக்காகக் குடித்துத் தீர்த்த குப்பிகள் குன்றாகக் கிடந்தன. பச்சை, வெள்ளை, தேன் நிறம், புகை நிறம்! மாலைக்கு விலை பேசுவதை மறந்து அந்தக் குப்பைக்குப் பேரம் பேசிமுடித்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் எங்கள் மூட்டைகள் கிளிங் கிளிங் என்று எல்லோருக்கும் சேதி சொல்லின. கல்லாறு கடையில் பஸ் நின்றபோது கீழே இறங்கிய ஒரு பெரியவர் மூட்டையையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டு பெண்கள், ஒருத்தி உபதேசியார் மகள், இத்தனை சாராயக் குப்பி. டீச்சர் அவரைத் தேற்றும் குரலில், "பயப்படாதீங்கோ அண்ணாச்சி. எல்லாத்தையும் நாங்க குடிக்கல்ல" என்றார். பெரியவர் அந்த பஸ்ஸில் திரும்ப ஏறவேயில்லை.

இப்போது கண்காட்சிக்கு வருகிறேன்.

அன்றைய திரு-கொச்சியில், அதாவது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில், மந்திரிசபைகள் மழைக்காலக் குடை மாதிரி. விரிந்தது தெரிவதற்குள் மடங்கிவிடும். விரிந்திருக்கும் காலத்தில் ஒரு கண்காட்சியைத் திறந்துவிட எல்லா மந்திரிகளும் ஆசைப்படுவார்கள். அப்படி ஒரு கைத்தொழில் கண்காட்சி அறிவிக்கப்பட்டது. டீச்சர் ஒரு மேஜை போட இடம் கேட்டுப் புறப்பட்டார்.

கைத்தொழில் பிரிவில், "கண்ணாடி என்றால் ஃபாக்டரி, அங்கே போங்கள்" என்றார்கள். ஃபாக்டரிப் பிரிவில், "எத்தனை தொழிலாளிகள்?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றதும் கதவைக் காட்டினார்கள். நகைப் பிரிவில் தங்கமில்லாததால் உள்ளேயே விடவில்லை. கடைசியில் சித்திரக்கலைப் பிரிவு அதிகாரி. கட்டைமீசை வைத்த மனிதர். மாலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கலைப்பொருள் என்றால் சுவரில் தொங்கவேண்டும்" என்று விதியைச் சொன்னார்.

"கழுத்துல தொங்கினா?"

"கழுத்து எங்கள் இலாகாவில் வராது."

டீச்சர் திரும்பிவந்து ஹாஸ்டல் முற்றத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருத்தியின் கழுத்தையும் மாட்டுத்தரகர் மாதிரி பார்த்துக்கொண்டே நடந்தார். "மேஜை தரல்லன்னா போவட்டும். நமக்குத்தான் இத்தனை கழுத்து இருக்கே."

எனக்கு டைப்ரைட்டர் ஆரம். சரஸ்வதிக்கு நீல மணியும் மீன் எலும்பும் சேர்ந்த தொங்கட்டான். அவள் சுத்த சைவம், அலறிவிட்டாள். "மீன் முள்ளா! எங்க வீட்டுல தெரிஞ்சா என்னைத் தலைமுழுகிருவாங்கோ!"

"உன்னைத் தின்னவா சொன்னேன்? காதுல போடத்தானே சொன்னேன்?"

பிரச்சினை ஒன்றுதான். டீச்சரின் மிகப் பெரிய படைப்பு, துரையின் குப்பிகளையெல்லாம் உருக்கிச் செய்த ஏழு அடுக்கு மாலை, எங்களில் யார் போட்டாலும் ஆளை முன்னால் கவிழ்த்தது. அதைத் தாங்கும் கழுத்து அந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டீச்சர் அதன் முன்னால் போய் நின்றார்.

"கொச்சம்மா, இது உங்களுக்குன்னே செஞ்சதாக்கும். ராஜகுடும்பத்துக் கழுத்து இருந்தாத்தான் இது நிக்கும்."

வார்டன் மாலையைப் பார்த்தார். கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தார். "பெண்குட்டிகளைத் தனியா விடக்கூடாதல்லோ. நான் ஒரு துணைக்கு வரலாம்" என்றார்.

கண்காட்சித் திடலில் நாங்கள் நுழைந்தபோது மேடையில் வரவேற்புரை நடந்துகொண்டிருந்தது. முதலில் பின்வரிசை திரும்பியது. பிறகு நடுவரிசை. என் கழுத்து எழுத்துகளில் அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு பென்ஷன்காரர் அதைப் படித்து முடிக்காமல் விடுவதில்லை என்று கூடவே நடந்துவந்தார். சரஸ்வதியின் காதைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டின. மந்திரி ரிப்பனை வெட்டி நிமிர்ந்தபோது தட்டுவதற்குக் கை மீதமில்லை. என்னவென்று பார்க்க அவரே இறங்கி வந்துவிட்டார். பின்னால் செக்ரட்டரி, டைரக்டர், அவர்களுக்குப் பின்னால் கட்டைமீசை.

வார்டன் மரியாதைப்பட்டவர். மந்திரியைக் கண்டதும் இரண்டு கைகளையும் கூப்பி இடுப்புவரை வளைந்து கும்பிட்டார். மாலையின் நூல் அறுந்தது.

கண்ணாடி மணிகள் நான்கு பக்கமும் உருண்டோடின. ஒன்று மந்திரியின் செருப்பில் முட்டி நின்றது. நல்ல மனிதர், எடுத்துக் கொடுக்கலாமே என்று குனிந்தார். மந்திரி குனிந்தபின் செக்ரட்டரி நிமிர்ந்து நிற்க முடியுமா? அவரும் குனிந்தார். செக்ரட்டரியைக் கண்டு டைரக்டர், டைரக்டரைக் கண்டு சூப்பிரண்டு, அவரைக் கண்டு குமாஸ்தாக்கள், டவாலிச் சேவகர். எதற்குக் குனிகிறோம் என்று தெரியாதவர்கள்தான் எல்லோரையும்விட ஆழமாகக் குனிந்தார்கள். ஒரு நிமிஷத்தில் திரு-கொச்சி சர்க்கார் முழுவதும் தரையில் தவழ்ந்தது. கட்டைமீசை அதிகாரி டீச்சரின் காலடியில் ஒரு பச்சை மணியை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்.

"சார், அதை விட்டிருங்கோ. அது உங்க இலாகாவில வராது" என்றார் டீச்சர்.

மந்திரி தன் மணியை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "இதெந்தா, பளிங்கோ?"

வார்டன் ஒரு கணமும் தயங்கவில்லை. "எங்க ஹாஸ்டலில் உண்டாக்கினது, சார். தொடக்கத்திலேருந்தே நான்தான் புரோத்சாகனம் தந்து ஊக்கப்படுத்தினது."

சரஸ்வதி என் இடுப்பில் கிள்ளினாள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கண்காட்சியைப் பற்றி அல்ல. தவழும் சர்க்காரைப் பற்றி. எதிர்க்கட்சி அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தது. கொஞ்ச நாளில் மந்திரிசபை அதன் வழக்கப்படி, அதற்கேயுரிய காரணங்களால் கவிழ்ந்தது. ஆனால் ஊருக்குக் காரணம் தெரிந்துவிட்டது: குப்பி மணியின் ராசி. அடுத்த வாரமே கதர் சட்டைக்காரர் ஒருவர் ரகசியமாக வந்து, புதிய மந்திரியின் அறையில் போட ஒரு மணி கிடைக்குமா என்று கேட்டார்.

"எனக்க மணிக்கு ஆளைக் குனியவைக்கத்தான் தெரியும்" என்று டீச்சர் அவரைத் திருப்பி அனுப்பினார். "கவிழுகது நீங்களாட்டுச் செய்யது."

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அடுத்த அடி எதிர்பாராமல் விழுந்தது. பள்ளிக்கூட மேனேஜர் டீச்சரைக் கூப்பிட்டு, சர்க்காரைச் சந்தி சிரிக்க வைத்தவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாகாது, விளக்கையும் துருத்தியையும் விட்டுவிட்டால் மட்டும் வேலையில் தொடரலாம் என்றார். டீச்சர் "சரி, யோசிச்சுச் சொல்லுதேன்" என்று ஹாஸ்டலுக்குத் திரும்பினார். அன்று அறையிலிருந்து சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. அந்த "ஙேஏஏ" இல்லாமல் ஹாஸ்டலில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. தலைவெடிக்குது என்ற சரஸ்வதியே போய், "டீச்சர், கொஞ்சம் மிதியுங்கோளேன்" என்று அழுதாள்.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "மாம்பழம் வரையச் சொல்லிக்குடுத்தா சோறு கிடைக்கும்ட்டீ. ஆனா எனக்கு மாம்பழத்தப் பாத்தாலே இப்போ வெறுப்பா இருக்கு" என்றார். பிறகு எழுந்து விளக்கைப் பற்றவைத்தார். வேலை போயிற்று.

ஹாஸ்டலில் வேலைபார்க்கும் பெண்களுக்கு மட்டுமே இடம். கமிட்டியிலிருந்து ஓர் அம்மையார் அதைச் சுட்டிக்காட்ட நேரில் வந்தார். வார்டன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மாடியைக் கைகாட்டினார். மேலே துருத்தி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தது.

"வேலையில்லை என்று யாரு சொன்னு? காலை முதல் மிதிக்குன்னு. எனக்குக் காது உண்டல்லோ."

அம்மையார் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அதன்பிறகு கொச்சம்மாவின் தலைவலித் தைலம், மூட்டுவலி எண்ணெய் எல்லாம் நீலக் குப்பியில் மட்டுமே வாங்கப்பட்டன.

டீச்சர் எப்படியோ பிழைத்தார். நாட்டிய நாடகக்காரர்கள் வந்தார்கள். வெளியூரிலிருந்து சித்திரக்காரர்கள் தேடி வந்தார்கள். உள்ளூர்ப் பெரிய வீட்டுப் பெண்களும் வந்தார்கள், தங்கம் மாதிரித் தெரியும்படி செய்ய முடியுமா என்று கேட்க. அவர்களை மட்டும் டீச்சர் வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஐம்பத்தாறில் விளவங்கோடு உள்ளிட்ட தெற்குத் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்தன. டீச்சரின் அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். உபதேசியாருக்குப் பார்வையும் மங்கி, தனியாக இருந்தார். "அப்பாவுக்குப் பக்கத்துல யாராவது வெளிச்சமாட்டு இருக்கணும்" என்று டீச்சர் மூட்டை கட்டினார்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப ஹாஸ்டல் முழுக்க வந்திருந்தது. நாங்கள் கண்ணீரும் கைக்குட்டையுமாக நிற்க, டீச்சர் பஸ் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு யார் சேலைக்கு எந்த நிறம் ஒவ்வாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் உறுமியபோது என்னை அருகில் கூப்பிட்டார். அந்த ஊரில் எந்தக் கடையிலும் எந்த மருந்தும் சிவப்புக் குப்பியில் வராது; இத்தனை வருஷத்தில் சிவப்பு மணி ஒன்றுகூட அவரால் செய்யமுடிந்ததில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"அழுதா உனக்க மூக்கு என்ன சிவப்பு சிவக்குட்டீ! இந்த நிறந்தான் எனக்கு வரவே இல்ல. ஆடாம நில்லு, பாத்துக்கிடுதேன்."

பஸ் திருப்பத்தில் மறையும்வரை, மூக்கைத் துடைக்காமல் அசையாமல் நின்றேன்.